டயட் கோலா குடித்த பிறகு மீட்டரில் 15 கூடுகிறது, கோலாதான் காரணமா?

மேலவீதி எழுதியது:

அப்பாவுக்கு 63 வயசு. டைப் 2, மாத்திரை மட்டும்தான், இன்சுலின் இல்லை. கடைசியா எடுத்த ஹெச்பிஏ1சி (மூணு மாச சராசரி சுகர்) 7.8. மத்த நாள் எல்லாம் கட்டுப்பாடா இருப்பார், ஞாயித்துக்கிழமை பிரியாணிக்கு மட்டும் ஒரு கலர் இருந்தே ஆகணும். சாதா கோலாவை நிறுத்திட்டு இப்ப டயட் கோலா 300 மி.லி. கேன் வாங்கறோம். நாலு சந்தேகம் இருக்கு.

1. அன்னிக்கு சாயங்காலம் வெறும் டயட் கோலா மட்டும் குடிச்சார், கூட எதுவும் சாப்பிடலை. குடிக்கறதுக்கு முன்னாடி மீட்டர்ல 148, ஒரு மணி நேரம் கழிச்சு 163. சர்க்கரையே இல்லைன்னா 15 ஏன் கூடணும்?

2. வாட்ஸ்அப்ல ஒரு வீடியோ சுத்துது. குளுக்கோமீட்டர் ஸ்ட்ரிப்ல சாதா கோலாவையும் டயட் கோலாவையும் நேரடியா சொட்டு விட்டுக் காட்டறாங்க. பெரிய வித்தியாசம் வரலை, "ரெண்டும் ஒண்ணுதான், எல்லாம் ஏமாத்து வேலை"ன்னு முடிக்கறாங்க. உண்மையா?

3. சுகர் இறங்கி வேர்த்து நடுங்கினா "இனிப்பா ஏதாவது குடுங்க"ன்னு டாக்டர் சொல்லியிருக்கார். ஃப்ரிட்ஜ்ல இருக்கறது டயட் மட்டும்தான். அதைக் குடுக்கலாமா, இல்லை சாதா கோலா ஒண்ணு தனியா வாங்கி வைக்கணுமா?

4. வாரத்துக்கு எத்தனை கேன் வரைக்கும் பரவாயில்லை?

---

உணவியல்_மேசை எழுதியது:

மூன்றாவது கேள்விதான் அவசரம், அதை முதலில் முடித்துவிடலாம். சுகர் இறங்கும்போது டயட் கோலா கொடுப்பதும் பச்சைத் தண்ணீர் கொடுப்பதும் ஒன்றுதான். நாக்கு இனிக்கும், ரத்தத்தில் ஒரு புள்ளிகூட ஏறாது, கையிலிருக்கும் பத்து நிமிஷம் போய்விடும். எதை வாங்கி வைப்பது என்பது மாத்திரையைப் பொறுத்தது. அட்டையில் இருக்கும் மருந்துப் பெயரை அப்படியே எழுதுங்கள். மெட்ஃபார்மின் மட்டும் என்றால் சுகர் ஆபத்தான அளவுக்கு இறங்குவது அபூர்வம். கிளிமிபிரைடு, கிளைக்லசைடு வகை இருந்தால் கட்டாயம் தயாராக இருக்க வேண்டும்.

இனி 148, 163 விஷயம். வீட்டு மீட்டர்களுக்கு ஐஎஸ்ஓ 15197 என்று ஒரு தரம் உண்டு (2013 பதிப்பு). அதன்படி ரத்தச் சர்க்கரை 100க்கு மேல் இருந்தால், ஆய்வக மதிப்பிலிருந்து 15 சதவீதம் வரை மேலேயோ கீழேயோ காட்டலாம். 100 முறை பார்த்தால் 95 முறை அந்த எல்லைக்குள் இருந்தால் மீட்டர் தேறிவிட்டது என்று கணக்கு. அதாவது உண்மையில் 155 இருக்கும்போது 132 முதல் 178 வரை எதைக் காட்டினாலும் அது நல்ல மீட்டர்தான். உங்கள் 148ம் 163ம் ஒரே அளவாகவே இருந்திருக்கலாம். அதோடு அது ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். மதியம் பிரியாணி என்றால், கொழுப்போடு சேர்ந்த சோறு வயிற்றை விட்டு மெதுவாகத்தான் இறங்கும், நாலைந்து மணி நேரம் கழித்தும் சர்க்கரை ஏறிக்கொண்டிருக்கலாம். பழியைக் கோலா மேல் போடுவதற்கு முன் பிரியாணியை விசாரிக்கணும்.

சந்தேகம் தீர வேண்டுமானால் இப்படிச் செய்யுங்கள். இரண்டு நாள், ஒரே நேரம், சாப்பிட்டு நாலு மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும், முந்தைய வேளைச் சாப்பாடும் இரண்டு நாளும் ஒன்றாக இருக்கட்டும். முதல் நாள் 300 மி.லி. தண்ணீர், இரண்டாம் நாள் 300 மி.லி. டயட் கோலா. குடிப்பதற்கு முன் ஒரு முறை, பிறகு 30, 60, 120 நிமிஷத்தில் ஒவ்வொரு முறை. மொத்தம் எட்டு ஸ்ட்ரிப், ஒரே டப்பாவிலிருந்து. தண்ணீர் நாள் எதற்கு என்றால், எதுவுமே சாப்பிடாமல் இருந்தாலும் கல்லீரல் தானாகக் குளுக்கோஸை வெளியே விடும், காலை நேரத்தில் அது இன்னும் கூடுதல். தண்ணீர் நாளிலும் 10, 15 ஏறியிருப்பதைப் பார்த்தால் விஷயம் விளங்கிவிடும். இரண்டு நாளுக்கும் இடையே 20 புள்ளிக்குள் வித்தியாசம் வந்தால் அதற்கு அர்த்தம் கற்பிக்க வேண்டாம். மூன்றாம் நாள் "சாதா கோலாவையும் பார்த்துடலாம்" என்று மட்டும் ஆரம்பிக்காதீர்கள், அதற்கு விடை முன்பே தெரியும்.

அந்த விடை இதுதான். சாதா கோலாவில் 100 மி.லி.க்குப் பத்தரை கிராம் வாக்கில் சர்க்கரை. 300 மி.லி. கேனில் சுமார் 32 கிராம், தலைதட்டிய தேக்கரண்டியில் எட்டு. 750 மி.லி. பாட்டிலைப் பங்கு போடாமல் ஒருவரே குடித்தால் 80 கிராம். நம் ஊரில் இது கரும்புச் சர்க்கரை, அதாவது சுக்ரோஸ். பாதி குளுக்கோஸ், பாதி ஃப்ரக்டோஸ். அமெரிக்காவில் மக்காச்சோளச் சிரப் போடுகிறார்கள், அதில் ஃப்ரக்டோஸ் 55 சதவீதம். சர்க்கரை நோயாளிக்கு இந்த ஐந்து சதவீதத்தால் பெரிய வேறுபாடு கிடையாது.

நாரில்லை, கொழுப்பில்லை, புரதமில்லை, மெல்ல வேண்டியதும் இல்லை. திரவம் இரைப்பையை விட்டு வேகமாக இறங்கிவிடுவதால் 30 முதல் 45 நிமிஷத்தில் உச்சத்தைத் தொடும். உங்கள் அப்பா நிலையில் உள்ளவருக்கு ஒரு கேனில் 50 புள்ளிக்கு மேல் ஏறுவது சாதாரணம். இது மீட்டரில் தெரியும் பாதி. மீதிப் பாதியான ஃப்ரக்டோஸ் மீட்டரில் தெரியவே தெரியாது. அது நேராகக் கல்லீரலுக்குப் போகும், அளவு மிஞ்சினால் கொழுப்பாக மாறும். ரிப்போர்ட்டில் ட்ரைகிளிசரைடு கூடுவதும் ஸ்கேனில் கொழுப்புக் கல்லீரல் என்று வருவதும் இந்த வழியில்தான். "ஒரு கிளாஸ் குடிச்சேன், மீட்டர்ல அவ்வளவா ஏறலையே" என்று ஆறுதல் அடைய முடியாததற்குக் காரணம் இது.

டயட் கோலாவில் இருப்பவை பெரும்பாலும் அஸ்பார்டேம் (லேபிளில் ஐஎன்எஸ் 951), அசிசல்ஃபேம் பொட்டாசியம் (950). இரண்டுமே சர்க்கரையைவிடச் சுமார் 200 மடங்கு இனிப்பு, அதனால் கேனுக்குச் சில நூறு மில்லிகிராம் போதும். அஸ்பார்டேம் குடலில் இரண்டு அமினோ அமிலங்களாகவும் துளி மெத்தனாலாகவும் உடைகிறது, ஒரு கேனுக்கு ஒரு கலோரி தேறினால் அதிகம். 950 உடலில் உடையாமல் சிறுநீரில் அப்படியே வெளியேறிவிடும். இரண்டிலிருந்தும் குளுக்கோஸ் வராது.

ஆனால் ஒரு கணக்கு. பிரியாணியில் சோறு மட்டும் 300 கிராம் என்றால் மாவுச்சத்து 80 கிராம் பக்கம். சாதா கோலாவோடு 112, டயட் கோலாவோடு 80. குறைந்தது நல்லதுதான், ஆனால் அந்த 80 எங்கும் போகவில்லை. "டயட்தானே குடிக்கிறேன்" என்று கூட ஒரு கரண்டி சோறு போட்டுக்கொள்வதுதான் இதில் வழக்கமாக நடக்கும் கூத்து.

---

ஆய்வகம்_2ஆம்_தளம் எழுதியது:

வீடியோ பத்தி நான் சொல்றேன். ஸ்ட்ரிப்ல தடவியிருக்கற நொதி குளுக்கோஸை மட்டும்தான் பிடிக்கும். சுக்ரோஸ்ல குளுக்கோஸ் இருந்தாலும் அது ஃப்ரக்டோஸோட பிணைஞ்சு கிடக்கு, நொதிக்கு அது கண்ணுலயே படாது. டம்ளர் தண்ணியில நாலு ஸ்பூன் சர்க்கரை போட்டு அப்பவே ஸ்ட்ரிப்ல விட்டா "லோ"ன்னு கூட வரும். அதுக்காக அந்தத் தண்ணியில சர்க்கரை இல்லைன்னு ஆயிடுமா?

இன்னொரு வேடிக்கை இருக்கு. கோலா நல்ல புளிப்பு, பிஹெச் 2.5 பக்கம். அந்த அமிலத்துல பாட்டிலுக்குள்ளேயே சுக்ரோஸ் மெல்ல மெல்ல உடையும். புதுசா வந்த பாட்டிலும் ரெண்டு மாசம் கடையில கிடந்த பாட்டிலும் ஸ்ட்ரிப்ல வேற வேற எண் காட்டும், உள்ளே இருக்கற மொத்தச் சர்க்கரை மாறலைன்னாலும். சோளச் சிரப் போட்ட வெளிநாட்டுக் கோலான்னா குளுக்கோஸ் ஏற்கெனவே தனியா இருக்கு, அது "ஹை"ன்னு அலறும். இதுக்கெல்லாம் மேல, மீட்டரை ரத்தத்துக்காகக் கணக்குப் பண்ணி வச்சிருக்காங்க. ரத்தத்தோட உப்பு, அமிலத்தன்மை, சிவப்பணு எல்லாம் சேர்த்துத்தான் அந்தக் கணக்கு. கோலாவுல வர்ற எண்ணுக்கு எந்த மதிப்பும் இல்லை. ஸ்ட்ரிப் விக்கற விலைக்கு இந்த விளையாட்டு வேணாம்.

கையில இருக்கறது டயட்டா சாதாவான்னு உண்மையாவே பார்க்கணும்னா ஒரு சொட்டை ஆள்காட்டி விரல்லயும் கட்டைவிரல்லயும் தேய்ச்சுக் காய விடுங்க. சர்க்கரை இருந்தா பிசுபிசுன்னு ஒட்டும், டயட் ஒட்டாது. சினிமா தியேட்டர்லயும் பர்கர் கடையிலயும் மெஷின்ல பிடிச்சுக் குடுக்கற கப்புக்கு இதுதான் சரியான வழி, ஏன்னா அங்க சிரப் பெட்டியை மாத்தி மாட்டினாலும் பட்டன்ல "டயட்"ன்னுதான் எழுதியிருக்கும். இன்சுலின் போடறவங்க இதைக் கட்டாயம் பழகிக்கணும். திறக்காத கேன்னா இன்னும் சுலபம், பக்கெட் தண்ணியில போடுங்க. ஒரே அளவு கேன்ல டயட் மிதக்கும், சாதா அடியில போகும், உள்ளே 30 கிராமுக்கு மேல சர்க்கரை கரைஞ்சு கனமா இருக்கறதால. பிளாஸ்டிக் பாட்டில்ல உள்ளே இருக்கற காத்து அளவு மாறும், அதை நம்ப வேணாம்.

அப்பா ரீடிங்குக்கு இன்னொரு காரணமும் சாத்தியம்: கை. கோலா, மாம்பழம், அல்வா எதைத் தொட்ட விரலா இருந்தாலும் தோல்ல ஒட்டியிருக்கற சர்க்கரை அந்தக் குட்டிச் சொட்டு ரத்தத்துல கலந்து பல பத்து புள்ளி கூட்டிக் காட்டும். ஸ்பிரிட் பஞ்சுல துடைச்சா மட்டும் அது போகாது. சோப்பு போட்டுக் கழுவி, துண்டுல நல்லா ஈரம் போகத் துடைச்சுட்டுத்தான் குத்தணும். கழுவ வழியில்லாத இடத்துல முதல் சொட்டைத் துடைச்சு எறிஞ்சுட்டு ரெண்டாவது சொட்டை எடுங்க. ஸ்ட்ரிப் டப்பாவை உடனுக்குடன் மூடுங்க, நம்ம ஊர்க் காத்து ஈரத்துல ஸ்ட்ரிப் சீக்கிரம் கெடும். திறந்த பிறகு எத்தனை மாசம்னு டப்பாவுலயே போட்டிருக்கும், ஃபிரிட்ஜ்ல வைக்க வேணாம்.

ஒரு விஷயம், கேட்கலைன்னாலும் சொல்லிடறேன். வெறும் வயித்துல ரத்தம் குடுக்க வர்றப்ப "டயட் கோலாதானே, சர்க்கரை இல்லையே"ன்னு குடிச்சுட்டு வர்றவங்க உண்டு. தண்ணி மட்டும்தான் கணக்குல சேராது, வேற எதுவும் கூடாது.

---

வடமராட்சி எழுதியது:

எங்கட பக்கத்து விசயம் ஒண்டு, லேபிள் பாக்கிற ஆக்களுக்கு உதவும். இலங்கையில 2016 ஓகஸ்டில இருந்து மென்பானப் போத்தலில நிறக்குறி போட வேணும். 100 மி.லி.க்கு 11 கிராமுக்கு மேல சீனி எண்டால் சிவப்பு, 2 இல இருந்து 11 வரை செம்மஞ்சள், 2 இலும் குறைவெண்டால் பச்சை. சனம் "சிவப்பு இல்லைத்தானே" எண்டு செம்மஞ்சளை நம்பி எடுக்குது. பத்தரை கிராம் இருக்கிற கோலாவும் செம்மஞ்சள்தான்! 400 மி.லி. போத்தலைக் குடிச்சு முடிச்சால் 42 கிராம் சீனி. சீனி வருத்தம் உள்ள ஆளுக்கு இந்த மூண்டு நிறத்தில பச்சை மட்டும்தான் நிறம். மற்றதுகளுக்கு உள்ளே எழுதியிருக்கிற கிராம் கணக்கைத்தான் பாக்க வேணும். ஜிஞ்சர் பியர் உடம்புக்கு நல்லதெண்டு நினைக்கிறவைக்கும் இதே கதைதான், இஞ்சி இருக்கிறதால சீனி குறையாது.

சிங்கப்பூரில 2022 டிசம்பர் முடிவில இருந்து ஏ, பி, சி, டி எண்டு எழுத்து. 100 மி.லி.க்கு 10 கிராமுக்கு மேல எண்டால் டி. சீனி துளியும் இல்லாத சீரோ கோலாவுக்குக் கூட ஏ கிடைக்காது, பி தான். இனிப்பூட்டி சேர்த்தால் ஏ குடுக்க மாட்டினம். அதைப் பாத்துட்டு "பி எண்டால் கொஞ்சம் சீனி இருக்கு போல" எண்டு விளங்கிக்கொள்ள வேண்டாம்.

இங்கிலாந்தில இருக்கிற எங்கட ஆக்களுக்கு ஒரு கவனம். 2018 ஏப்ரலில சீனி வரி வந்தது, 100 மி.லி.க்கு 5 கிராமும் அதுக்கு மேலயும் சீனி இருந்தால் வரி. வரியில இருந்து தப்ப நிறையக் கொம்பனிகள் சீனியைக் குறைச்சு இனிப்பூட்டி கலந்திட்டினம். லூக்கோசேட் எண்ட குளுக்கோஸ் பானம் அதுக்கு முதலே, 2017 இல, 17 கிராமில இருந்து கிட்டத்தட்டப் பாதியாக்கிப் போட்டுது. சுகர் இறங்கினால் இவ்வளவு குடி எண்டு பழைய தாளில எழுதி வைச்ச அளவு இப்ப காணாது. போத்தல் அதேதான், பேர் அதேதான், உள்ளுக்கை சீனி பாதி. இந்தியாவிலயும் சீனியும் சுக்ரலோஸ் எண்ட இனிப்பூட்டியும் சேர்த்து வாற பானங்கள் இருக்கு, அதுகளுக்கும் இதே கவனம் வேணும்.

---

மேலவீதி எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. அட்டையைப் பார்த்தேன். கிளிமிபிரைடு 2 மி.கி., மெட்ஃபார்மின் 500, வோக்ளிபோஸ் 0.2, மூணும் ஒரே மாத்திரையில, காலையும் ராத்திரியும். ரிப்போர்ட்ல கிரியேட்டினின் 1.6, இஜிஎஃப்ஆர் (சிறுநீரகம் வடிகட்டற வேகம்) 48ன்னும் இருக்கு. அப்ப அவசரத்துக்கு சாதா கோலா அரை கேன் போதுமா?

---

மருந்துக்கடை_கவுண்டர் எழுதியது:

போதாது சார். இந்த மாத்திரைக்கு சாதா கோலாவை நம்பக் கூடாது.

வோக்ளிபோஸின் வேலையே குடல் சுவரில் இருக்கும் நொதியைத் தடுப்பதுதான். மாவுச்சத்தையும் சுக்ரோஸையும் குளுக்கோஸாக உடைக்கும் நொதி அது. சாப்பாட்டுக்குப் பிறகு சர்க்கரை சட்டென்று ஏறாமல் இருப்பதற்காகத்தான் அதைக் கொடுக்கிறார்கள். அதே காரணத்தால் சுகர் இறங்கி நடுங்கும் நேரத்தில் நீங்கள் கொடுக்கும் சீனி, கோலா, லட்டு, பிஸ்கெட், மிட்டாய் எதுவும் சீக்கிரம் வேலை செய்யாது. உள்ளே போயிருக்கும், ஆனால் ரத்தத்துக்கு வர நேரமாகும். அகார்போஸ் சாப்பிடுபவர்களுக்கும் இதேதான். கோலாவில் கொஞ்சம் சுக்ரோஸ் பாட்டிலிலேயே உடைந்திருக்கும் என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். சரிதான், ஆனால் எவ்வளவு உடைந்திருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. உயிர் விஷயத்தில் அந்தக் கணக்கு வேண்டாம்.

வேண்டியது நேரடிக் குளுக்கோஸ். மருந்துக்கடையில் குளுக்கோஸ் பொடி கேளுங்கள், எந்தச் சுவையும் சேர்க்காதது. ஆரஞ்சு, எலுமிச்சை சுவைப் பொடிகளில் சாதாரணச் சர்க்கரையும் கலந்து வருவதுண்டு, பாக்கெட்டின் பின்பக்கம் பாருங்கள். ஒரு வேளைக்கு 15 கிராம், அதாவது குவியலாக மூன்று தேக்கரண்டி, அரை டம்ளர் தண்ணீரில். வீட்டில் ஒரு முறை தராசில் நிறுத்துப் பார்த்து 15 கிராம் வீதம் சின்ன ஜிப் கவரில் போட்டு வைத்துவிடுங்கள். அப்பா சட்டைப்பையில் ஒன்று, வண்டியில் ஒன்று, படுக்கைக்குப் பக்கத்தில் ஒன்று. நடுங்கும் கையோடு யாரும் ஸ்பூன் தேட முடியாது. ஈரம் பட்டால் கட்டியாகிவிடும், மூன்று நான்கு மாதத்துக்கு ஒரு முறை மாற்றுங்கள்.

செய்முறை: மீட்டரில் 70க்குக் கீழே இருந்தால் 15 கிராம் குளுக்கோஸ், 15 நிமிஷம் காத்திருந்து மறுபடி பார்க்க வேண்டும். இன்னும் 70க்குக் கீழே என்றால் இன்னொரு 15 கிராம். 54க்குக் கீழே என்றால் நிலைமை தீவிரம், கூட ஒருவர் பக்கத்திலேயே இருக்க வேண்டும். அறிகுறி இருக்கிறது, மீட்டர் கையில் இல்லை என்றால் தேடிக்கொண்டிருக்காமல் முதலில் குளுக்கோஸைக் கொடுங்கள். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, மூச்சுக்குழாயில் போய்விடும். ஒருக்களித்துப் படுக்க வைத்து 108ஐக் கூப்பிடுங்கள்.

ஏறியதும் வேலை முடிந்தது என்று விட்டுவிடாதீர்கள். கிளிமிபிரைடு நீண்ட நேரம் வேலை செய்யும் மருந்து, சிறுநீரகம் மந்தமாக இருந்தால் இன்னும் நீளும். இஜிஎஃப்ஆர் 48 என்பது மந்தம்தான். ஒரு முறை ஏறிய சர்க்கரை இரண்டு மூன்று மணி நேரத்தில் மறுபடி இறங்கலாம், அதனால் சாப்பாடு கொடுத்துவிட்டு மணிக்கொரு முறை பாருங்கள். வோக்ளிபோஸ் இருப்பதால் அந்தச் சாப்பாடும் மெதுவாகத்தான் செரிக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். கடுமையாக இறங்கினால் ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்ப்பதுதான் சரி. இப்படி ஒரு முறை நடந்தாலே டாக்டரிடம் சொல்லி மருந்தளவை மாற்றச் சொல்ல வேண்டும். நீங்களாக மாத்திரையை நிறுத்த வேண்டாம்.

கடைக்கு வருபவர்கள் குளுக்கோஸ் என்று கேட்டுவிட்டு ஓஆர்எஸ் பாக்கெட்டை எடுத்துப் போகிறார்கள். உலக சுகாதார நிறுவன அளவு ஓஆர்எஸ்ஸில் ஒரு லிட்டருக்குக் குளுக்கோஸ் 13.5 கிராம்தான். ஒரு டம்ளரில் மூன்று கிராம்கூடத் தேறாது. வயிற்றுப்போக்குக்கு அருமையான மருந்து, சுகர் இறங்கினால் உதவாது. குளுக்கோஸ் எதுவும் இல்லாத நேரத்தில் தேன் கைகொடுக்கும். அதில் குளுக்கோஸ் தனியாகவே இருக்கிறது, ஆனால் பாதிக்கும் குறைவு, எனவே இரண்டு மேசைக்கரண்டி.

வோக்ளிபோஸ், அகார்போஸ் இல்லாதவர்களுக்குச் சாதா கோலா தாராளமாக உதவும். 150 மி.லி.யில் 15 கிராம் வந்துவிடும். டம்ளரில் ஊற்றி ஸ்பூனால் கலக்கி நுரையை அடக்கிவிட்டுக் கொடுங்கள், கேஸோடு மடமடவென்று குடிக்க முடியாது. கேன் மேல் மார்க்கரால் "சுகர் இறங்கினால்" என்று பெரிதாக எழுதி வையுங்கள், இல்லையென்றால் வீட்டுப் பிள்ளைகள் குடித்துவிட்டு அதே இடத்தில் டயட் கேனை வைத்துவிடுவார்கள்.

---

பச்சைமிளகாய்77 எழுதியது:

எதுக்கு இவ்வளவு ஆராய்ச்சி? டயட் கோலா கேன்சர்னு டபிள்யூஹெச்ஓவே சொல்லியாச்சு. குடல் பாக்டீரியாவையும் கெடுத்து சுகரை ஏத்துதுன்னு படிச்சேன். சாதா கோலாவே அளவா குடிக்கலாம்.

---

உணவியல்_மேசை எழுதியது:

படித்தது முழுப் பொய்யில்லை, ஆனால் பாதியில் நிற்கிறது. 2023 ஜூலையில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பான ஐஏஆர்சி அஸ்பார்டேமை 2பி பிரிவில் சேர்த்தது. புற்றுநோய்க்கு வாய்ப்பு இருக்கலாம், ஆதாரம் குறைவு என்பதுதான் அந்தப் பிரிவின் பொருள். அதே நாளில் உணவுச் சேர்மங்களைப் பார்க்கும் இன்னொரு நிபுணர் குழு, நாளொன்றுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 40 மி.கி. என்ற பழைய எல்லையை மாற்றத் தேவையில்லை என்றது. 60 கிலோ ஆளுக்கு 2,400 மி.கி. ஒரு கேனில் 200 முதல் 300 மி.கி. என்று வைத்தால் தினம் எட்டுப் பன்னிரண்டு கேன். அப்படிக் குடிப்பவருக்கு வேறு பிரச்சினைகள் முந்திக்கொள்ளும். ஃபினைல்கீட்டோனூரியா என்ற பிறவி நோய் உள்ளவர்கள் மட்டும் ஒரு சொட்டுகூடத் தொடக் கூடாது, கேனிலேயே எச்சரிக்கை இருக்கும்.

குடல் பாக்டீரியா பற்றி நீங்கள் படித்தது இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவன ஆய்வாக இருக்கும், 2022. சர்க்கரை நோய் இல்லாத 120 பேர், இரண்டு வாரம். சாக்கரினும் சுக்ரலோஸும் எடுத்தவர்களில் குளுக்கோஸ் ஏறும் விதம் மாறியது. அஸ்பார்டேமிலும் ஸ்டீவியாவிலும் அப்படிக் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. அந்தப் பக்கம், சென்னையில் மெட்ராஸ் டயாபடிஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷன் டைப் 2 நோயாளிகளை வைத்துச் செய்த ஆய்வு 2024இல் வந்தது. காபி, டீயில் சர்க்கரைக்குப் பதில் சுக்ரலோஸ், 12 வாரம். ஹெச்பிஏ1சி ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை, எடை மட்டும் துளி குறைந்தது. அது நம் சாப்பாடு, நம் ஆட்கள், ஏற்கெனவே நோய் உள்ளவர்கள். மேலவீதியின் அப்பாவுக்கு இதுதான் கிட்டத்தில் பொருந்துகிறது. ஆனாலும் அது டீயில் போடும் சின்ன அளவு, தினம் ஒரு லிட்டர் கோலாவுக்கு அந்த முடிவை நீட்ட முடியாது.

உலக சுகாதார நிறுவனம் 2023 மே மாதம் இனிப்பூட்டிகளை எடை குறைப்பதற்காகப் பயன்படுத்த வேண்டாம் என்று சொன்னதும் உண்மை. அந்த வழிகாட்டுதல் ஏற்கெனவே சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குப் பொருந்தாது என்று அதிலேயே எழுதியிருக்கிறது. அந்த வரியைத்தான் யாரும் ஃபார்வேர்டு செய்வதில்லை. இதையெல்லாம் காட்டிச் "சாதா கோலாவே அளவா குடிக்கலாம்" என்பதுதான் எனக்கு ஒப்பாத இடம். ஒரு பக்கம் இன்னும் விவாதத்தில் இருக்கும் சிறு அபாயம், மறுபக்கம் அரை மணியில் மீட்டரில் தெரியும் 32 கிராம்.

நான்காவது கேள்விக்கு வருகிறேன். சர்க்கரையை மட்டும் பார்த்தால் வாரம் ஒன்று இரண்டு கேன் ஒரு பொருட்டே இல்லை. ஆனால் இஜிஎஃப்ஆர் 48 என்றதும் கணக்கு மாறுகிறது. கறுப்புக் கோலாவுக்குப் புளிப்புத் தருவது பாஸ்பாரிக் அமிலம், லேபிளில் 338. டயட்டிலும் அது உண்டு. பருப்பு, கொட்டைகளில் உள்ள பாஸ்பரஸில் பாதியளவுதான் உடலில் சேரும், இப்படிச் சேர்க்கப்படும் பாஸ்பேட் ஏறக்குறைய முழுதாகச் சேர்ந்துவிடும். சிறுநீரகம் தளர்ந்தவருக்கு அது சுமை. அவருக்குக் கலர் வேண்டும் என்றால் நிறமில்லாத எலுமிச்சை வகையில் சர்க்கரை இல்லாததாகப் பாருங்கள், அவற்றில் பெரும்பாலும் சிட்ரிக் அமிலம் (330). அடுத்த ரத்தப் பரிசோதனையில் பாஸ்பரஸும் பொட்டாசியமும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

கலருக்குப் பதில் வேறு என்ன என்றால், வெறும் சோடாவில் எலுமிச்சை பிழிந்து உப்பு துளியாக, அல்லது நீர்மோர். இயற்கை என்ற பெயரில் உள்ளே வருபவைதான் ஏமாற்றும். நன்னாரி சர்பத்துக்கு ஊற்றும் 30 மி.லி. சிரப்பிலேயே சர்க்கரை 20 கிராமைத் தாண்டும். கரும்புச்சாறு 100 மி.லி.க்கு 12 முதல் 15 கிராம், கோலாவைவிட அதிகம். பெட்டியில் வரும் மாம்பழ பானமும் அந்த ரகம்தான். பன்னீர் சோடாவில் எவ்வளவு சர்க்கரை என்று பல ஊர்களில் லேபிளே இருக்காது. டானிக் வாட்டரை வெறும் சோடா என்று நினைத்து வாங்காதீர்கள், கசப்புக்கு அடியில் நல்ல சர்க்கரை இருக்கிறது. இளநீரில் சர்க்கரை குறைவு, ஒரு காய்க்கு எட்டுப் பத்து கிராம், ஆனால் பொட்டாசியம் கூடுதல். ரிப்போர்ட் பார்க்காமல் அப்பாவுக்கு வேண்டாம்.

லேபிளில் "நோ ஆடட் சுகர்" என்பதும் "சுகர் ஃப்ரீ" என்பதும் வேறு. நம் நாட்டு விதிப்படி சுகர் ஃப்ரீ என்று போட 100 மி.லி.க்கு அரை கிராமுக்கு மேல் சர்க்கரை இருக்கக் கூடாது. நோ ஆடட் சுகர் போட்ட பழச்சாற்றில் பழத்தின் சர்க்கரையே பத்து கிராம் இருக்கலாம்.

---

மேலவீதி எழுதியது:

கோலாவுக்குப் பதிலா எலுமிச்சை வகையைப் பார்க்கறேன். கடைசியா ஒண்ணு. போன வாரம் வாங்கின டயட் கேன் ரெண்டு கார்லயே கிடந்துச்சு, நல்ல வெயில். இன்னிக்குத் திறந்தா இனிப்பே இல்லை, சப்புன்னு இருக்கு. கெட்டுப் போச்சா?

---

ஆய்வகம்_2ஆம்_தளம் எழுதியது:

கிருமி வந்து கெடலை, அஸ்பார்டேம் உடைஞ்சிருக்கு. சூட்டுல அது தாங்காது, நாள்பட்டாலும் உடையும். டயட் பானத்தோட காலாவதித் தேதி சாதாவை விடக் கிட்டத்துல இருக்கறதுக்கும் அதான் காரணம். உடைஞ்சதுல இருந்து சர்க்கரை வராது, சுகர் ஏறிடும்னு பயப்பட வேணாம். கொட்டிடுங்க. அடுத்த தடவை வாங்கறப்ப கடை வாசல்ல வெயில்ல அடுக்கி வச்சிருக்கறதை விட்டுட்டு உள்ளே இருக்கறதை எடுங்க, தயாரிச்ச தேதியையும் கேன் அடியில பாருங்க. அதே காரணத்துக்காக அஸ்பார்டேம் மாத்திரையை டீ கொதிக்கும்போது போட வேணாம், இறக்கி ஆத்தின பிறகு போடுங்க.